ஒரு தாய் வயிற்று வண்டுகள்

தீவின் கிழக்கே தெம்பனிஸ் வீட்டு வண்டும் மேற்கே சுவா சூ காங் வீட்டு வண்டும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை என்று கணினி சொன்னபோது அதீஃப் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தான்.

"அலாமாக், இளா. பச்சை ரயில்ல ஏறி, ஜூரோங் ஈஸ்ட்ல சிவப்புக்கு மாறிப் போயிருக்கும்."

"கார்டு தட்டிச்சான்னு கேளு."

"மார்சிலிங்ல ஒரு தங்கச்சி வேற இருக்கு பாரேன். குடும்பமே எழுதிப் போட்டு ஆளுக்கொரு அரசாங்க வீவக வீடு வாங்கியிருக்கு."

அதீஃபும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவன் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப ஊழியன். டிஎன்ஏ இயந்திரத்தை ஓட்டுவது அவன் வேலை. பூச்சி பிடித்து வருவதும், வந்த எண்களுக்குப் பொருள் சொல்வதும் என் வேலை. பொருள் சொல்வது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் ஒப்பந்தத்தில் 'ஆய்வு உதவியாளர்' என்றுதான் இருந்தது.

பூச்சி என்றால் மாவு வண்டு. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, செம்பழுப்பு நிறத்தில், பழைய கோதுமை மாவில் ஊருமே, அதுதான். சரக்குக் கிடங்குகளில் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே பாஸ்பின் வாயு விட்டு இதைக் கொல்வார்கள். சில வண்டுகள் சாவதில்லை. சாகாத வண்டு முட்டையிடும், அதிலிருந்து வருவதும் சாகாது. அந்தச் சாகாத மரபணு இந்தத் தீவில் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு கடை வண்டு இன்னொரு கடை வண்டோடு கூடினால்தான் மரபணு போகும். அதற்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். யார் தூக்கிப் போகிறார்கள், எந்த வழியாக? வண்டின் உடம்பிலேயே பதில் இருக்கிறது. உறவு நெருங்க நெருங்க வழியும் தெரிந்துவிடும்.

நான் முதலில் கடைகளில் பிடித்தேன். சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகள், தெக்கா சந்தை, தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் கடைகள். அந்த வண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டன. தூத்துக்குடி வழியாக வந்த மாவு ஒரு கூட்டம், கராச்சியிலிருந்து வந்தது ஒரு கூட்டம், ஆஸ்திரேலியக் கோதுமை இன்னொரு கூட்டம். ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

வீடுகள்தான் இப்படி வந்து நின்றன. எந்தப் பேட்டை வீடாக இருந்தாலும் ஒரே குடும்பம். அதுவும் அத்தனையும் சாகாத வகை.

டாக்டர் வித்யாவின் அறைக்கு ஓடினேன். அவர்தான் இந்த ஆய்வின் தலைவர். சென்னையில் படித்து, அமெரிக்காவில் படித்து, பத்து வருடங்களாக இங்கே இருப்பவர். நல்ல விஞ்ஞானி. என்னிடம் தமிழில்தான் பேசுவார். தமிழ் பேச ஆளில்லாமல் நாக்கு துருப்பிடித்துவிட்டது என்று முதல் நாளே சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே பேருந்தில் ஏறினால் நாலு பேராவது தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்களிடம் பேசலாமே என்று எனக்கு வாய் வரை வந்தது. முதல் நாள் என்பதால் விழுங்கினேன்.

திரையைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா உனக்கு? கடை எல்லாம் தனித்தனியா நிக்கறது. வீடு மட்டும் ஒரே கூட்டம். ஏன்?"

"மாவு மில்லு," என்றேன்.

"அதே தான். எல்லாரும் ஒரே எடத்துல அரைக்கறாங்க. மாவோட வண்டையும் வீட்டுக்கு எடுத்துண்டு போறாங்க. மில்லுல நீ பிடிச்ச வண்டும் இதோட சேர்ந்து நிக்கறதா?"

"நிக்குது மேடம். அப்படியே ஒட்டுது."

"அடுத்த வாரம் உணவுத் துறை அதிகாரிங்க வர்ற கூட்டத்துல இதைச் சொல்லணும். எந்த மில்லுன்னு கேப்பாங்க. சொல்லித்தான் ஆகணும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கம்மா அங்கதானே வேலை செய்யறாங்க? உனக்குச் சங்கடமா இருந்தா அந்தப் பகுதியை நான் பேசறேன்."

"சங்கடமெல்லாம் இல்ல மேடம். உண்மைன்னா உண்மைதான்."

அந்த நிமிடம் என்னை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

"பிஎச்டிக்கு ஒரு இடம்தான் இருக்கு. ரோஷினியும் கேட்டிருக்கா. ஆனா இது உன் யோசனை, நீ சேர்த்த சாம்பிள். கூட்டம் முடியட்டும், உன் பேரை எழுதி அனுப்பறேன்."

என்னைப் போலவே இங்கே உதவியாளராக இருக்கும் ரோஷினியின் அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைக் கேட்டதும் எல்லாரும் தலையைச் சாய்த்து "ஆஹா" என்பார்கள், நாய்க்குட்டி கை கொடுத்ததைப் பார்த்த மாதிரி. அந்த "ஆஹா"வை நிறுத்த எனக்கு அந்த இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆண்டு முடிவில் ஒப்பந்தமும் முடியும், நானும் வெளியே.

அந்த யோசனை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வண்டுக்காக நான் முதலில் கதவு கதவாகத் தட்டினேன். மாவில் வண்டு இருக்கிறதா என்று கேட்டால் எந்த வீட்டு ஆளுக்குத்தான் கோபம் வராது? "எங்க வீட்டுலயா? நாங்க என்ன அப்படியா இருக்கோம்?" என்று ஒருவர் கம்பிக் கதவை என் மூக்கின் மேலேயே சாத்தினார். ஒரு மாதம் அலைந்து ஒரு வண்டுகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் புலம்பியபோது அம்மாதான் சொன்னாள், "எங்கிட்ட கொடு. மில்லுக்கு வராத சனமா? நான் கேட்டா கொடுப்பாங்க."

அம்மா பெயர் வசந்தகுமாரி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் ரத்னவேல் மாவு மில்லில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வேலை பார்க்கிறாள். தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் மிளகாய், மல்லி, கோதுமை, புட்டரிசி என்று தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். பாக்கெட் தூள் ஆகாத ஆட்கள். நான் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் எத்தனால் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பேட்டையின் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். அம்மா ஆளைப் பார்த்து, ஊரைக் கேட்டு, குப்பியைக் கொடுப்பாள். அவர்கள் வீட்டில் வண்டு கண்டால் பிடித்துப் போட்டு, அடுத்த முறை அரைக்க வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். குப்பிக்குப் பத்து வண்டு இருந்தால் நல்லது என்றும் சொல்லி வைத்தேன்.

எல்லாக் குப்பியும் திரும்பி வந்தது. எல்லாம் நிறைந்து வந்தது. வித்யா மேடம் அதற்கு மக்கள் அறிவியல் என்று பெயர் வைத்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட முடிவு செய்தேன். அதிகாரிகள் வருவதற்கு முன்னால் முதலாளி ரத்னவேல் மாமா மில்லைச் சுத்தம் செய்துகொள்ளட்டும். அந்த அளவுக்கு நல்லவள்தான் நான்.

மார்சிலிங்கில் எங்களுடையது வாடகை வீடு. ஒரு கூடம், ஒரு அறை. அப்பா எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனவர் போனவர்தான். அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"என்ன சொல்ற? எங்க மில்லுலேர்ந்துதான் வண்டு ஊரெல்லாம் போகுதா?"

"ஆமா. டிஎன்ஏ சொல்லுது."

"யாரது சொல்றது?"

"டிஎன்ஏம்மா. ஆள் இல்ல."

"ஆளே இல்லாததுக்கு இவ்ளோ வாயா?"

"அம்மா, விளையாடாத. அடுத்த வாரம் ஆபிசருங்ககிட்ட சொல்லப் போறோம். மில்லுக்கு வந்து பாப்பாங்க. மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க. ரத்னவேல் மாமாகிட்ட நீயே சொல்லிடு."

நெத்திலியைத் தட்டில் போட்டாள். கோபம் வந்தால் அம்மாவுக்குக் காது மடல் சிவக்கும்.

"நல்லா இருக்கே கதை. அந்த மனுஷன் மாசம் ஒரு தடவ கல்லைக் கழட்டிக் கழுவுறாரு. எதை வச்சு சொல்ற நீ?"

"தெம்பனிஸ் குப்பி, மார்சிலிங் குப்பி, சுவா சூ காங் குப்பி, எல்லாத்துலயும் ஒரே குடும்பத்து வண்டு. எல்லாம் உங்க மில்லுல பொறந்தது."

"அது பொறந்தது எங்க மில்லுலதான். யாரு இல்லன்னா?"

"அதைத்தான நானும் சொல்றேன்."

"ஆனா ஊருக்கு எங்கடி போச்சு? கூட்டி அள்ளுற டின்னுலேர்ந்து நேரா உன் குப்பிக்குத்தான் போச்சு. நான்தான போட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிய வேண்டாம் என்று மண்டை கொஞ்ச நேரம் அடம்பிடித்தது என்று நினைக்கிறேன்.

"எதுக்குப் போட்ட?"

"வெறுங்குப்பியா திருப்பிக் கொடுத்தாங்கடி. எங்க வீட்டுல இல்லக்கா, தேடிப் பாத்தேன்க்கா, மன்னிச்சுக்கங்கன்னு. சுத்தமா வச்சிருக்குற சனங்க. மாவ ஃப்ரிட்ஜுல வைக்குதுங்க. அதுங்களப் போய் எங்க மில்லு கெடுத்துச்சுன்னு சொல்றியே." மில்லைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அம்மாவின் குரலில் தெரிந்தது. "போய் உங்க மேடம்கிட்ட சொல்லு. அது வீட்டு வண்டு இல்ல. எல்லாம் நம்ம டின்னு வண்டு. ஊருக்கு ஒண்ணும் போகல."

"வெறுங்குப்பின்னா வெறுங்குப்பியாவே எங்கிட்ட கொடுத்திருக்க வேண்டியதுதான?"

"எப்படிக் கொடுக்குறது? பக்கத்து வீட்டுல கொழம்பு வந்த கிண்ணத்தக்கூட நான் வெறுமையா திருப்பினதில்ல. ரெண்டு சீனியாவது போட்டுத்தான் கொடுப்பேன். இது நீ படிச்ச எடத்துக்குப் போற குப்பி. வெறுமையா போனா உன்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"காலியா வந்திருந்தா அதுவும் ஒரு பதில்மா. அந்த வீட்டுல வண்டு இல்லைங்கிற பதில்."

"அதுக்கு எதுக்குடி குப்பி? வாயால சொல்லிட்டுப் போயிருப்பாங்களே."

எதெல்லாம் அவள் போட்டது என்று கேட்டேன். பாதிக்கு மேல் இருக்கும் என்றாள். மீதியை மட்டுமாவது காப்பாற்றலாம் என்று எனக்குள் ஒன்று எழுந்தது. எந்தப் பேட்டை, எந்த ஆள் என்று நான் தோண்டத் தோண்ட அவள் குழம்பினாள். வந்தவுடன் போட்டுவிடுவாளாம். எது காலியாக வந்தது என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"சிலது ஒண்ணு ரெண்டு பூச்சி போட்டுக் கொடுத்துச்சுங்க. அதுலயும் நான் சேத்துப் போட்டேன். நீதான பத்து வேணும்னு சொன்ன."

ஆக, நல்ல குப்பி என்று ஒன்றுகூட இல்லை.

கத்தினேன். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு. "உன்ன யாரு நிரப்பச் சொன்னது? எதையாவது போட்டு எங்கயாவது நிரப்பிட்டே இருக்கணும் உனக்கு. ஒண்ணும் பண்ணாம சும்மா வாங்கி வைக்கத் தெரியாதா? மில்லுல கூட்டுறதோட உன் வேலைய நிறுத்திக்க வேண்டியதுதான?"

கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நெத்திலி பொரியும் சத்தம் கேட்டது. அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு முன்பே கிளம்பி மில்லுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்ததுதான். வாரம் முழுக்கக் கட்டட வேலையில் நின்ற தொழிலாளிகளின் கால்கள் எல்லாம் அங்கேதான். சந்துக்குள் நுழைந்ததும் மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்தது.

ரத்னவேல் மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு புனலில் மல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா விஞ்ஞானி. வண்டுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறியாமே. எங்க கடை வண்டுக்கு எப்ப கல்யாணம்?"

"செவ்வா தோஷம் மாமா. காத்திருக்கணும்."

அவர் சிரித்தார். அடுத்த வாரம் அவர் மில்லின் பெயரை நான் ஒரு கூட்டத்தில் சொல்லப்போவது அவருக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்களிடம் குப்பி பற்றிக் கேட்டேன். சுவா சூ காங்கிலிருந்து வரும் பூவம்மா அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அந்தச் சின்ன பாட்டிலா? தொறந்தா சரக்கு வாசம். எங்க வீட்டுக்காரரு எங்க கொடு எங்க கொடுன்னு கைய நீட்டுறாரு. இல்லம்மா, எனக்கு ஒரு வண்டும் கெடைக்கல. மொதல்ல ஒண்ணு பாத்த மாதிரி இருந்துச்சு, அது சீரகம். உங்கம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேனே."

சுவா சூ காங் குப்பியில் பத்து வண்டு இருந்தது. பூவம்மா அக்கா வீட்டு வண்டு என்று அதை நான் ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைத்து, அதிலிருந்து தெம்பனிஸுக்கு அம்புக்குறி போட்டிருந்தேன். ஒரு சீரகத்திலிருந்து அம்புக்குறி.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். நான் நிற்பதைப் பார்த்தும் பாராத மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். தரையைக் கூட்டி மூலையிலிருந்த தகர டின்னில் கொட்டினாள். நான் போய் டின்னுக்குள் பார்த்தேன். பல நாள் மாவு, மேலே வண்டு நெளிந்தது. ஒன்றிரண்டு பெட்டை வண்டு எப்போதோ விழுந்து பெருகிய கூட்டமாகத்தான் இருக்கும். அதனால்தான் எல்லாம் கூடப்பிறந்தவையாக வந்திருக்கின்றன.

ரயிலில் திரும்பும்போது வேறு மாதிரி யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், ஆனால் தப்பு என்றே அவளுக்குத் தெரியாது. மில் என்ற சொல்லை எடுத்துவிட்டு, வீடுகள் எல்லாம் ஒரே கூட்டம் என்பதோடு நிறுத்தினால் ரத்னவேல் மாமாவுக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கு இடம் கிடைக்கும். மடிக்கணினியைத் திறந்து அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திருத்தியும் விட்டேன். திருத்தியது முன்பு இருந்ததைவிட நன்றாகக்கூட இருந்தது.

யீஷூனில் ஐந்தாறு பேர் ஏறினார்கள். நீலச் சட்டை, முதுகில் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றின் பெயர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருவன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். தஞ்சாவூர்ப் பக்கப் பேச்சு. எங்கள் அறிக்கையின் கடைசிப் பத்தி என்ன சொல்கிறது என்று எனக்கு மனப்பாடம். வீடுகள் வரை சாகாத வண்டு பரவிவிட்டதால், கிடங்குகளில் வாயுவின் அளவையும் நேரத்தையும் கூட்ட வேண்டும். அந்த வாயு மனிதருக்கும் விஷம். அந்தத் தார்ப்பாயைத் தூக்கப் போகிறவள் ரோஷினி இல்லை. நானும் இல்லை.

மடிக்கணினியை மூடினேன். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த ஆட்கள் வேறு பெட்டியில் ஏறியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை வித்யா மேடத்தின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

"எந்தெந்த குப்பி?"

"தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா? ஒரு பத்து குப்பியாவது நல்லதா இருக்குமே."

"எல்லாம் கலந்திருக்கு. நல்லதுலயும் சேர்த்துப் போட்டிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்கம்மா ஏன் அப்படிப் பண்ணாங்க?"

வெறுங்கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், முட்டாள்தனமாக இருந்தது. தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. "எங்கம்மாவும் அப்படித்தான்," என்றார். உடனே சிரிப்பு போய்விட்டது.

"அறிக்கையோட சுருக்கத்தை அதிகாரிங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிட்டேன், இளமதி."

"திரும்பக் கேக்கணும் மேடம்."

"என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்." நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாதிரி ஆளுங்களை நம்பி இதை விட்டிருக்கக் கூடாது. என் தப்புதான்."

"எங்க மாதிரி ஆளுங்கன்னா?"

"பயிற்சி இல்லாதவங்கன்னு சொல்ல வந்தேன்."

"அதையே சொல்லியிருக்கலாமே மேடம்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீ வந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன்," என்றார்.

மறக்கவில்லை. அன்றைக்கே அதிகாரிகளுக்கு எழுதி, வீடுகள் பற்றிய பகுதி முழுவதையும் திரும்பப் பெற்றார். என் பெயரை எங்கும் கெடுக்கவில்லை. 'மாதிரி சேகரிப்பில் பிழை' என்று மட்டும் எழுதினார். கடைகளை மட்டும் வைத்து ஒரு சின்னக் கட்டுரை வரும், அதில் மூன்றாவதாக என் பெயர் இருக்கும் என்றார். நான் மிகவும் நேர்மையானவள் என்று ஒரு பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். இடம் ரோஷினிக்குப் போனது. அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, அவள் சாம்பிள்களை அவளே சேர்த்திருந்தாள். என் ஒப்பந்தத்தை நீட்டிக்க நிதி இல்லை என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதீஃப் எனக்கு நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்து, "வண்டு துரோகி," என்றான். சிரிக்க முயன்றேன். அவனும் முயன்றுதான் சொன்னான்.

உறைபெட்டியில் இருந்த வீட்டுக் குப்பிகளை நான்தான் தூக்கி எறிய வேண்டியிருந்தது. பேட்டைப் பெயர்களை ஒட்டிய என் கையெழுத்து நன்றாகவே இருந்தது.

வீட்டில் அம்மாவும் நானும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். சாதம் இருக்கு. கேஸ் தீரப்போகுது. அவள் நான் சொன்னதற்குக் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

மின்னஞ்சல் வந்த மாலை, வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவருகில் நின்றாள். புருவத்தில் மல்லித் தூள் ஒட்டியிருந்தது.

"அந்த டாக்டர் படிப்பு என்னாச்சு?"

"வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க."

"வேலை?"

"அதுவும் டிசம்பரோட முடியுது."

தலையை ஆட்டினாள். பையை மாட்டினாள். செருப்பைக் கழற்றி இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "என்னாலயா?" என்றாள்.

இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். நிதி இல்லை என்றுதான் மின்னஞ்சலில் இருந்தது, அதைக் காட்டியிருக்கலாம். எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஆமா," என்றேன்.

நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று அம்மா பார்த்தாள் போலிருக்கிறது. சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்து, வழிந்த தண்ணீர் கதவுக்கு அடியில் வந்தது. அவள் குழாயை மூடவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டினால் என்ன சொல்வது என்று தெரியாததால் தட்டவில்லை.